சகலை மாட்டிய கன்வெர்ட்டர்

இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்து பிழைப்பதால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் கேட்டுக்காரர். மனைவியின் பிறந்த வீட்டில் மட்டும் பெரிய மாப்பிள்ளை.

கல்யாணமான புதிதில் 'பெரிய' என்ற அடைமொழி கிடையாது. வெறும் மாப்பிள்ளைதான். மாமனாருக்கு இரண்டும் பெண்கள். அதனால் அந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் கட்டில் கால் ஆடினாலும் பீரோ சாவி தொலைந்தாலும் போன் இவருக்குத்தான் வரும். கையில் எந்த வேலை இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். எல்லாம் சரியானதும் மாமனார் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வைத்து, "எங்க மாப்ள கை வெச்சா போதும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காகவே கேட்டுக்காரர் மழையில் கூரைமேல் ஏறியிருக்கிறார்.

பிறகு சின்ன மகளுக்குக் கல்யாணமாகி, சகலை என்று ஒருவன் வந்து சேர்ந்தான். லிஃப்ட் மெக்கானிக். பையில் கம்பெனி பெயர் தைத்த நீலச் சட்டை, மசி படியாத நகம், அதிராத பேச்சு. வார்த்தைக்கு வார்த்தை "அண்ணே" என்பான். கேட்டுக்காரர் உள்ளே நுழைந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பான். அவனிடம் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. கேட்டுக்காரருக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு தடவையாவது மரியாதை இல்லாமல் பேசித் தொலைத்திருந்தால், மனுஷன் அதை வைத்தே நிம்மதியாகக் காலம் தள்ளியிருப்பார்.

ஒருநாள் மாமனார் வீட்டுக்குப் போனபோது, எப்போதும் கரகரவென்று கத்துகிற தண்ணீர் மோட்டார் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"மோட்டாரை யாரு பாத்தது மாமா?"

"சின்னவருதான். இதுக்குப் போயி உங்கள எதுக்கு அலைய விடணும்னு கூப்பிடல மாப்ள."

மாமனார் என்னவோ கரிசனத்தோடுதான் சொன்னார். கேட்டுக்காரர் அன்று கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அப்படியும் அவருக்கென்று அசைக்க முடியாத ஒரு பெருமை மிச்சமிருந்தது. அது அவர் மனைவி ஓட்டுகிற குட்டி வண்டி. அவள் மலைச்சரிவில் இருக்கிற ஒரு செடிப் பண்ணையில் வேலை செய்கிறாள். நாற்றுத் தட்டுகளை அடுக்கி மேலேயும் கீழேயும் சுமந்து சுமந்து முழங்கால் தேய்ந்துவிட்டது என்று அவள் ஒருநாள் சொல்ல, மறுநாளே பட்டறையில் மிஞ்சிக் கிடந்த குழாய்களை வளைக்க ஆரம்பித்துவிட்டார். யாரோ கழித்துப் போட்ட பம்ப்செட் இன்ஜின், தள்ளுவண்டிச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு சக்கரம், பழைய சோபாவின் பஞ்சில் ஒரு சீட்டு, பின்னால் தட்டு அடுக்க ஒரு சின்ன டிராலி. இடுப்புயரம்கூட இல்லை. அதன்மேல் அவள் உட்கார்ந்து வருவதைப் பார்த்துப் பண்ணையில் எல்லோரும் முதலில் சிரித்தார்கள். சிரித்தவர்களே பிறகு வரிசையில் நின்று ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள்.

அந்த வண்டிக்கு ஒரே ஒரு குறைதான். பண்ணையின் அடிவாரத்திலிருந்து தட்டுகளை ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது, பாதி மேட்டில் கிளட்ச் வழுக்கும். இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. அவள் இறங்கித் தள்ள வேண்டும். அந்த மேட்டைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால் கேட்டுக்காரர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

ஒருநாள் வீட்டுக்கு வந்த இடத்தில் வண்டியைப் பார்த்த சகலை, குனிந்து, சுற்றி வந்து, தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"பிரமாதம்ணே. இதுக்கு ஒரு டார்க் கன்வெர்ட்டர் மட்டும் மாட்டிட்டா போதும். மேட்டுல அலுங்காம ஏறிடும்."

'பிரமாதம்' என்றது கேட்டுக்காரர் காதில் விழவே இல்லை. 'மட்டும்' என்றதுதான் விழுந்தது.

அடுத்த விடுமுறைக்குச் சகலை கையில் ஒரு பெட்டியோடு வந்தான். "அண்ணிக்கு என் செலவுல ஒரு சின்னப் பரிசு" என்றான். பெட்டிக்குள் இரண்டு புல்லிகளும் ஒரு பெல்ட்டும் இருந்தன. ஒரு புல்லி இன்ஜின் பக்கம், இன்னொன்று சக்கரத்துக்குப் போகிற செயின் பக்கம். வண்டிக்குப் பாரம் கூடும்போது ஒன்று விரிந்து மற்றது குறுகி, பெல்ட் தானாக இடம் மாறிக்கொள்ளும். யாரும் கியர் போடாமலே கியர் மாறுகிற வேலை அது. சகலை பெல்ட்டை விரலில் மாட்டிக்கொண்டு விளக்க விளக்க, கேட்டுக்காரரின் மனைவி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். தன் வெல்டிங் வேலையை அவள் ஒருநாளாவது இப்படி நின்று கேட்டதுண்டா என்று கேட்டுக்காரர் நினைத்துப் பார்த்தார். இல்லை.

பழைய கிளட்சைக் கழற்றி, புதியதைப் பொருத்தும்போது ஒரு சிக்கல் வந்தது. பெல்ட்டை மூடுகிற தகடு, பிரேக் பெடலின் ஸ்பிரிங்கை மாட்டியிருந்த கொக்கியில் இடித்தது.

"அண்ணே, இந்தக் கொக்கிய மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சுத் தர்றீங்களா?"

மறுபடியும் ஒரு 'மட்டும்'. கேட்டுக்காரர் கொக்கியை அறுத்து எடுத்தார். அந்த நேரம் பார்த்து மனைவி டீ கொண்டுவந்து முதல் டம்ளரைச் சகலையிடம் நீட்டினாள். விருந்தாளிக்குத்தானே முதலில் கொடுப்பார்கள் என்று அவர் மூளைக்குத் தெரிந்தது. வயிற்றுக்குத் தெரியவில்லை. எந்த வேலையானாலும் அளந்து, குறிபோட்டு, மறுபடி அளந்துவிட்டுத்தான் வெல்டிங் ராடைக் கையில் எடுக்கிறவர், அன்று கண்மதிப்பில் ஓரிடத்தில் வைத்து ஒட்டி, ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் கேட்டுக்காரரும் சகலையும் பார்க்கப் பண்ணைக்கு வந்திருக்க, அடிவாரத்தில் தட்டுகளை நிறைய அடுக்கிக்கொண்டு அவள் ஆக்சிலரேட்டரை முறுக்கினாள். பூனை மதில் ஏறுவதுபோல வண்டி சத்தமில்லாமல் மேட்டில் ஏறிப் போய் உச்சியில் நின்றது. அவளுக்கு வாயெல்லாம் பல். அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் மாமனார் குரல் அடிவாரம் வரை கணீரென்று கேட்டது.

"சின்னவரு கை வெச்சா போதும்மா."

கேட்டுக்காரர் கீழே தனியாக நின்றுகொண்டிருந்தார். தனக்கே தனக்கென்று எழுதி வைத்த வீட்டைக் கண்ணெதிரே இன்னொருவன் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டதுபோல இருந்தது அவருக்கு. வண்டிக்குப் பின்னாலேயே மேலே ஓடியிருந்த சகலை வெட்கப்பட்டு, "எல்லாம் அண்ணன் செஞ்ச வண்டி" என்றான். அது இன்னும் எரிந்தது.

அந்த வாரமே வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. "முதல் நடை நல்லாத்தான் போகுது. ரெண்டாவது நடையிலேர்ந்து இழுக்க மாட்டேங்குதுங்க. ரப்பர் கருகுற நாத்தம் வருது. நேத்து புகையே வந்துடுச்சு" என்றாள் மனைவி.

கேட்டுக்காரர் பொங்கி வந்த சந்தோஷத்தை இருமலாக மாற்றிக்கொண்டார். "அப்படியா? பாப்போம் பாப்போம்."

பார்க்கத்தான் செய்தார். நேர்மையாகவே பார்த்தார். பட்டறையில் வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுழற்றினார். தடையில்லாமல் சுழன்றது. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் கொஞ்சம் வேகமாக ஓடுவதாகப் பட்டது. அப்படி ஓடினால் வண்டி நிற்கும்போதே பெல்ட் உரசித் தேயும் என்று அதைக் குறைத்து வைத்தார். இரண்டு புல்லியும் ஒரே நேரில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார். புல்லிகளின் உள்பக்கத்தில் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று துணியால் துடைத்து முகர்ந்தார். செயினைச் சரிபார்த்தார். பட்டறைக்கு முன்னால் இருக்கிற சமதளமான தெருவில் போய்த் திரும்பி, காலை ஊன்றி நிறுத்தினார். ஒரு குறையும் தெரியவில்லை.

மறுநாள் பண்ணையில் மறுபடியும் புகை.

"அப்பவே நெனச்சேன்" என்றார் மனைவியிடம். "லிஃப்ட் வேற, வண்டி வேற. லிஃப்டு நேரா மேல போகும், நேரா கீழ வரும். அதுக்கு மேடு பள்ளம் தெரியுமா?"

இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மாமனாரைப் பார்க்க வேலையே இல்லாத ஒருநாளில் வேலை மெனக்கெட்டுப் போய், பேச்சோடு பேச்சாக, "பாவம் தம்பி, ஆசையா மாட்டிக் குடுத்தாரு, தெரியாத வேலைன்னா அப்படித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு வந்தார். குரலில் வருத்தம் தோய்ந்திருந்தது. வரும் வழியெல்லாம் சீட்டி அடித்தார்.

விஷயம் சகலையின் காதுக்கு எட்டி, அன்று மாலையே போன் வந்தது.

"அண்ணே, நான் வந்து ஒரு தடவ பாத்துடட்டுமா?"

"எதுக்குத் தம்பி? உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். நான் பாத்துக்கறேன்."

சகலை பார்சலில் புது பெல்ட் ஒன்றை அனுப்பிவைத்தான். அதையும் மாட்டினார். அதுவும் கருகியது. கருகிய பெல்ட்டை அவர் தூக்கிப் போடவில்லை. பட்டறைக்கு வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி ஆணியில் தொங்கவிட்டார்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். கன்வெர்ட்டரை அடியோடு கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, தன்னுடைய பழைய கிளட்சையே துடைத்து மாட்டினார். அன்றைக்குக் கேட்டு வேலைக்கு லீவு விட்டுவிட்டு, மனைவியோடு தானும் பண்ணைக்குக் கிளம்பினார்.

"நீங்க எதுக்கு?" என்றாள்.

"நானே ஓட்டிக் காட்டுறேன். பழசு பழசுதான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

நாலு பேர் என்ன, பண்ணையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். மேலேயிருந்து வண்டியைக் கீழே இறக்கினார். சரிவில் இரண்டு மூன்று தடவை பிரேக்கை மிதித்தார். அடிவாரத்தில் தட்டுகளை ஏற்றிக்கொண்டு திரும்பினார். முன்பெல்லாம் பாதி மேடு வரையாவது வந்து வழுக்குகிற கிளட்ச், கால் மேட்டிலேயே அலறியது. வண்டி நின்றுவிட்டது. கருகுகிற நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது.

செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, "இதுல அந்தக் கன்வெர்ட்டரு இல்லேல்ல? அப்புறம் ஏன் அதே நாத்தம் வருது?" என்று கேட்டாள். அவள் குத்தலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

கேட்டுக்காரர் இறங்கி வண்டியைச் சாய்த்து நிறுத்தினார். மனைவி, "தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று மேலே ஓடினாள். பக்கத்தில் கிடந்த பூவாளியில் அடித்தண்ணீர் கொஞ்சம் இருந்தது. அவர் அதைக் கிளட்சின்மேல் ஊற்றப் போனபோது, கொஞ்சம் சிதறிப் பின்சக்கரத்தின் நடுவில் விழுந்தது. சுரீரென்று ஆவி கிளம்பியது.

கிளட்ச் சூடாவது சரி. சக்கரம் ஏன் சுடுகிறது?

குந்தி உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் உருட்டப் பார்த்தார். பட்டறையில் காற்றாடி மாதிரி சுழன்ற சக்கரம் இப்போது அசைய மறுத்தது. பிரேக் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பெடலைப் பார்த்தார். பாதி மிதித்த நிலையில் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் மேலே தூக்கினார், சக்கரம் விடுபட்டது. மறுபடி அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். பெடல் மேலே வரவில்லை. அதை மேலே இழுக்க வேண்டிய ஸ்பிரிங் துவண்டு கிடந்தது. அது மாட்டியிருந்த கொக்கி இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு விரற்கடை கிட்டத்தில் இருந்தது.

கொக்கியைச் சுற்றி இருந்த வெல்டை அவர் பார்த்தார். மீன் செதில் அடுக்கியதுபோல வரிவரியான அந்த வெல்டை இந்த வட்டாரத்தில் வேறு யாரும் போட முடியாது.

ஒவ்வொன்றாகப் புரிந்தது. பட்டறையில் அவர் பிரேக்கை மிதிக்கவே இல்லை, சமதளத்தில் காலை ஊன்றியே நிறுத்தினார். அதனால்தான் குறை தெரியவில்லை. அவளோ சரிவில் பிரேக் பிடித்து இறங்கி, பிரேக் பிடித்தபடியே மேலே ஏறியிருக்கிறாள். பெல்ட் பாவம், கட்டிப் போட்ட மாட்டை இழுப்பதுபோல இழுத்து இழுத்துக் கருகியிருக்கிறது. கன்வெர்ட்டரில் ஒரு தப்பும் இல்லை.

மேலே பார்த்தார். மனைவி இன்னும் வரவில்லை. பையில் கட்டுக்கம்பி இருந்தது. அதை வைத்து ஸ்பிரிங்கை இழுத்து, தள்ளியிருந்த ஒரு குழாயில் கட்டிவிட்டு, பெடலை மிதித்துப் பார்த்தார். டக்கென்று மேலே வந்தது. யாரும் பார்க்கவில்லை. பழைய கிளட்சோடு வண்டி இனிமேல் பழைய மாதிரி பாதி மேடு வரை போகும். கன்வெர்ட்டர் பெட்டியிலேயே கிடக்கும். சின்னவர் மாட்டியது சரியில்லை என்ற பேச்சும் அப்படியே நிலைத்துவிடும். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்த நினைப்பு அவருக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

மனைவி தண்ணீரோடு வந்தாள். "என்னவாம்?"

"பிரேக்குல ஒரு சின்னக் கோளாறு."

"பிரேக்கா?" அவள் வண்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அப்ப அந்த பெல்ட்டு ரெண்டும்?"

அவள் கம்பி கட்டியிருந்த இடத்தையும் கொக்கியையும் பார்த்தாள். பட்டறைக்காரன் பெண்டாட்டிக்கு அது போதும்.

"தங்கச்சி அன்னிக்கு போன்ல அழுதா" என்றாள் மெதுவாக. "அப்பா அவ வீட்டுக்காரரு கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்லையாம். குழாய் ரிப்பேருக்கு வெளியாளைக் கூப்பிட்டாராம். நான் உங்ககிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க சந்தோஷப்படுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

கேட்டுக்காரர் வாழ்நாளில் எத்தனையோ முறை தீப்பொறி பட்டுச் சுட்டுக்கொண்டவர். எதுவும் இப்படிச் சுட்டதில்லை. சந்தோஷப்பட்டிருப்பார் என்பது அவருக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு முதல் வேலையாகச் சகலைக்குப் போன் செய்தார். மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டான்.

"தம்பி, கன்வெர்ட்டர்ல ஒண்ணும் இல்ல. அன்னிக்குக் கொக்கிய நான்தான் தப்பா வெச்சுட்டேன். பெடலு திரும்பி வரல. பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடியிருக்கு."

"நான் வந்து பாக்கறேன்னு அன்னிக்கே சொன்னேன்ணே" என்றான் சகலை. குரலில் வழக்கமான பவ்யம் இல்லை. "நீங்க வேண்டாம்னீங்க. மாமாகிட்ட போயி எனக்கு வேலை தெரியாதுன்னு சொன்னீங்க. என்மேல அப்படி என்னண்ணே கோவம் உங்களுக்கு?"

"கோவம் இல்ல தம்பி." கேட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "பொறாமை."

வாயைவிட்டு வந்த பிறகுதான் அந்தச் சொல் எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

"என்கிட்ட பொறாமைப்பட என்னண்ணே இருக்கு?" என்றான் சகலை. "எவனோ செஞ்ச சாமானை வாங்கி மாட்டுறவன் நான். நீங்க ஒரு வண்டியையே செஞ்சிருக்கீங்க. விடுங்க. நடந்தது நடந்துபோச்சு."

இவ்வளவு சீக்கிரம் மன்னித்துவிட்டானே என்று கேட்டுக்காரருக்கு உள்ளே மறுபடி லேசாக எரிந்தது. பெருந்தன்மையிலும் இவன்தான் முந்திக்கொள்ள வேண்டுமா? அதை விழுங்கிக்கொண்டு, கேட்பதற்குக் கூச்சமாக இருந்த இன்னொன்றையும் கேட்டார். "கழட்டும்போது பெல்ட்டுக்கு அடையாளம் போடல தம்பி. எந்தப் பக்கம் எப்படி வரணும்?"

"ஒரு பக்கம் நேரா தட்டையா இருக்கும்ணே, அது இன்ஜினைப் பாத்து வரணும். சரிவா இருக்கிற பக்கம் வெளிய. மாத்திப் போட்டா வழுக்கும். புது பெல்ட்டு நான் கொண்டாரேன்."

"நீ கொண்டு வராத. நான் வாங்கிக்கறேன்" என்றார். அந்த அளவு மானம் மிச்சமிருந்தது.

கொக்கியை அறுத்து, அளந்து, மறுபடி அளந்து, சரியான இடத்தில் வைத்து ஒட்டினார். ஆணியில் தொங்கிய கருகல் பெல்ட்டை எடுத்துக் குப்பையில் போட்டார். பிறகு மாமனார் வீட்டுக்குப் போய், உட்காராமல், நின்றபடியே நடந்ததைச் சொன்னார். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அதான பாத்தேன். சின்னவரு மாட்டினது எப்படித் தப்பாகும்னு" என்றார். பொய்யாகச் சொல்லியிருந்தால்கூட இதைவிட நல்ல பேச்சு கிடைத்திருக்கும். கேட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

வண்டி அதற்குப் பிறகு மக்கர் செய்யவில்லை. பாரத்தோடு மேட்டில் ஏறுவதைப் பண்ணை முதலாளி பார்த்துவிட்டு, அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று கேட்டார். கேட்டுக்காரர் தானாகவே சகலையைக் கூப்பிட்டார். இரண்டு விடுமுறை நாட்கள் இருவரும் பட்டறையில் சேர்ந்து வேலை செய்தார்கள். கன்வெர்ட்டரைச் சகலை மாட்டினான், இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இரண்டாம் நாள் சகலை, "நானும் ஒரு தடவ ஒட்டிப் பாக்கட்டுமாண்ணே?" என்று ஆசையாகக் கேட்டு, வெல்டிங் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டான். ராடு ஒட்டிக்கொண்டது, பிய்ந்தது, பொறி பறந்தது. கடைசியில் குழாயின்மேல் காக்கை எச்சமிட்ட மாதிரி ஒரு கட்டி நின்றது.

கேட்டுக்காரர் குனிந்து அதை வெகுநேரம் பார்த்தார். நெஞ்சு குளுகுளுவென்று நிறைந்தது. கிரைண்டரை எடுத்து அதைத் தேய்த்து எடுத்தபடியே, "பரவாயில்ல தம்பி, முதல் தடவைக்கு இது ரொம்ப நல்லாவே வந்திருக்கு" என்றார். அவர் இத்தனை இனிமையாக யாரிடமும் பேசி, அவர் மனைவி அதுவரை கேட்டதில்லை.